மதியழகன் அண்ணன் கிழிக்காமல் விட்ட பெட்டி

வேலை மேசையின் மேல் ஒரு காலிப் பெட்டி கிழியாமல் இருந்தது. மதியழகன் அண்ணன் இறந்த அன்று மாலை அவருடைய பட்டறைக்குப் போனபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான். அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லத்தான் அவருடைய இரங்கல் கூட்டத்தில் இந்த மைக் முன்னால் வந்து நிற்கிறேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், தலைமை தாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரிகள் சங்கத் தலைவர், என் முதலாளி திரு. சோமசேகரன் ஐயா அவர்களுக்கும், வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்திருக்கும் டிரைவர் அண்ணன்களுக்கும், கையில் இருக்கும் கிரீஸைக்கூட முழுசாகத் துடைக்காமல் ஓடி வந்திருக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் அண்ணனின் மனைவி சௌந்தரவல்லி அக்காவுக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரதீபா. வயது பதினேழு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருடமாக ஐயாவின் கடையில் கவுன்டரில் நிற்கிறேன். உங்களில் பாதிப் பேர் என் கையிலிருந்து பொருள் வாங்கியவர்கள். என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். ஐயாவுக்கும் தெரியும். அதனால்தான் ஐயாவே ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, "கடை சார்பா இதப் படிச்சிட்டு எறங்கிடும்மா" என்றார். அந்தத் தாள் இந்தக் கையில் இருக்கிறது. நான் எழுதியது அந்தக் கையில் இருக்கிறது. நான் எழுதியதைப் படிக்கப்போகிறேன்.

ஐயா, உட்காருங்கள். ரொம்ப நேரம் ஆகாது.

மதியழகன் என்றால் யார்? இருபத்தைந்து வருடம் பைபாஸ் ரோட்டில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே லாரி மெக்கானிக்காக இருந்தவர். அவர் பட்டறைக்குப் புது லாரி வந்து நான் பார்த்ததில்லை. புது லாரிக்குக் கம்பெனி சர்வீஸ் இருக்கிறது. பதினைந்து வருடம், இருபது வருடம் ஓடிய வண்டிகள்தான் அவரிடம் வந்தன. ஒரே ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு அடுப்பு எரிப்பவர்கள்தான் அவரிடம் வந்தார்கள். அவர்களுக்கு எதை வாங்குவது, எதை விடுவது என்று சொன்னவர் யார்? மதியழகன் அண்ணன். எது கம்பெனிப் பொருளாக இருக்க வேண்டும், எது லோக்கலாக இருந்தால் போதும் என்று பிரித்துச் சொன்னவர் யார்? மதியழகன் அண்ணன்.

மண்டபத்தூரிலிருந்து மீன் ஏற்றும் ஒரு லாரி இருக்கிறது. நம்பர் 3186. அந்த நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரும். ஒருநாள் அதன் டிரைவர் கவுன்டரில் வந்து நின்று, பக்கக் கண்ணாடி கம்பெனிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மதி அண்ணன் அப்போது ஒரு பழைய பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கண்ணாடிக்கு எதுக்குடா கம்பெனி?" என்றார்.

"பளிச்சுன்னு தெரியும்ல மாமா."

"தெரியப்போறது ஒம் மூஞ்சி. அதுக்கு லோக்கலே அதிகம். பேசாம அத வாங்கிட்டு, மிச்சத்துக்குப் பிரேக்குக்கு நல்ல ரப்பரா போடு. பத்து டன் ஐஸ் மீன வச்சிக்கிட்டு நிக்காம போனீன்னா பளிச்சுன்னு போயிச் சேந்துருவ."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டுதான். அந்த டிரைவரும் லோக்கல் கண்ணாடியையும் கம்பெனி ரப்பரையும் வாங்கிக்கொண்டு போனார்.

இதுதான் அவர் வழி. கண்ணாடி, மட்கார்டு, ஹாரன், விளக்கு, கதவுக் கைப்பிடி, சீட் உறை, இதெல்லாம் லோக்கல் போதும். வண்டி நிற்பதற்கும் திரும்புவதற்கும் உள்ளது மட்டும் கம்பெனிப் பொருள். லோக்கல் செய்பவர்களை அவர் ஒருநாளும் கேவலமாகப் பேசியதில்லை. "லோக்கல்காரன் அவன் பேரப் போட்டு விக்கிறான். நல்லாருந்தா அவனுக்குப் பேரு. கெட்டுப்போனா அவனத்தான் திட்டுவோம். அது நேர்ம. அடுத்தவன் பேரப் போட்டுக்கிட்டு வருது பாரு டூப்ளிகேட்டு, அதுக்குத்தான் செருப்பால அடிக்கணும்" என்பார். இதைக் கடையில், கவுன்டரில், ஐயா முன்னாலேயே சொல்லியிருக்கிறார். ஐயாவும் தலையை ஆட்டியிருக்கிறார். ஞாபகம் இருக்கிறதா ஐயா?

அந்த டூப்ளிகேட்டை ஒழிக்க மதி அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். பெட்டியைக் கிழிப்பது.

கம்பெனிப் பொருள் வந்த பெட்டியை அவர் முழுதாக வெளியே போட மாட்டார். முதல்நாள் மாட்டிய பொருள்களின் பெட்டிகளை மறுநாள் காலை பட்டறையைத் திறந்ததும் கையில் எடுப்பார். அடிப்பக்கத்தைப் பிரித்துத் தட்டையாக்குவார். காதில் செருகிய பென்சிலை எடுத்து, பெட்டியின் உள்பக்கத்தில், லேபிளுக்கு நேர் பின்னால், லாரியின் கடைசி நான்கு எண்ணையும் தேதியையும் எழுதுவார். பிறகு லேபிள் உள்ள பக்கத்தை மட்டும் கிழித்துச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்துவார். மிச்சத்தை நான்காகக் கிழித்து டீ போடும் அடுப்பில் போடுவார். இரண்டு வருடம் கழித்து அந்த லாரி வந்தால் கம்பியைப் பார்த்து, எதை எப்போது மாட்டினோம் என்று சொல்லுவார். பெட்டியும் வேறு யார் கைக்கும் போகாது. அவர் வலது கட்டைவிரல் நகம் எப்போதும் பிளந்தே இருக்கும். மேடையில் மாலை போட்டு வைத்திருக்கும் இந்தப் படத்தில் மார்பு வரைக்கும்தான் இருக்கிறது. கை இல்லை. கை இருந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி என் வேலையைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஒரு சாக்குப்பையோடு பட்டறை பட்டறையாகப் போவேன். காலிப் பெட்டிகளைச் சேகரித்து வருவேன். "கம்பெனிக்கு எண்ணிக்கை காட்டணும்மா" என்று ஐயா சொல்லியிருந்தார். நீங்கள் எல்லோரும் கொடுத்தீர்கள். பேசாத பெண், வெயிலில் வந்து நிற்கிறது, காலிப் பெட்டிதானே என்று கொடுத்தீர்கள். கசங்காத பெட்டியாகப் பார்த்து எடுத்து வைத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். யாரும் கிழிக்கவில்லை. மதி அண்ணன் சொல்லியும் கிழிக்கவில்லை. நேரம் இல்லை என்றீர்கள்.

அந்தப் பெட்டிகள் கடையின் மாடிக்குப் போகும். மாடிக்குப் பார்சலில் இன்னொன்றும் வரும். பேர் இல்லாத பிளாஸ்டிக் உறையில் ரப்பர்கள், வளையங்கள், பிரேக் சாமான்கள். தட்டையாக இருந்த பெட்டிகளை மடித்துப் பசை தடவி நிமிர்த்தும் வேலை என்னுடையது. உள்ளே பொருளைப் போட்டு மூடும் வேலை ஐயாவுடையது. அந்த நேரத்தில், "நீ கீழ போயி கவுன்டரப் பாரும்மா" என்பார்.

எனக்கு எதுவும் தெரியாது என்று இந்த மேடையில் பொய் சொல்ல மாட்டேன். பாதி தெரியும். மீதியைக் கேட்கப் பயம். "வாயில்லாப் பூச்சி" என்று ஐயா என்னைப் பற்றி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதற்காக என்னை வேலைக்கு வைத்தார்? எண்களை நன்றாக ஞாபகம் வைப்பேன் என்றா? இல்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று.

மதி அண்ணன் பட்டறையிலிருந்து மட்டும் என் பை எப்போதும் காலியாகவே திரும்பும். ஜனவரியில் ஒருநாள் ஐயா கடுமையாகத் திட்டினார். மறுவாரம் நான் அண்ணன் முன்னால் போய் நின்றேன். அவர் கையில் ஒரு பெட்டி பிரிந்து இருந்தது. உள்பக்கத்தில் எழுதி முடித்துவிட்டார். கிழிக்கப்போகிறார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கிழிக்காம குடுங்கண்ணே. வெறும் பையோட போனா ஐயா திட்டுறாரு" என்றேன்.

நான் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"பேசக்கூட வருமா ஒனக்கு?" என்றார். "இந்தா. ஒனக்காக ஒண்ணு. கம்பெனிக்குத்தானே போவுது?"

"ஆமாண்ணே."

அதைக் கடைக்குக் கொண்டுவந்து மடிக்கும்போது உள்ளே பென்சில் எழுத்தைப் பார்த்தேன். 3186. ஜனவரி 20. மண்டபத்தூர் மீன் லாரி. அழிக்கலாமா என்று நினைத்தேன். உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று மடித்துவிட்டேன். நான் செய்த தவறு இது. இதை என் வாயால் சொல்லாமல் இங்கே வேறு யாரைப் பற்றியும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

ஐயா, உங்கள் போன் அடிக்கிறது. அடிக்கட்டும்.

பத்து நாளுக்கு முன்னால் ஜன்னத் அக்காவின் லாரி மதி அண்ணனிடம் வந்தது. இருபத்திரண்டு வருடத்து வண்டி. அவர்கள் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு அந்த ஒரு வண்டிதான் அவர்களுக்கு எல்லாம். பிரேக் மிதித்தால் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்றார்கள். வண்டி தெரியாத உறவுக்காரர்களும் இங்கே இருப்பதால் சொல்கிறேன். அந்த மாதிரிப் பழைய வண்டியில் பெடலை மிதித்தால் ஓர் உருளை பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும். மாஸ்டர் சிலிண்டர் என்று பேர். அதற்குள் விரல் பருமனுக்குச் சில ரப்பர் வளையங்கள் இருக்கும். லாரி நிற்பதும் நிற்காததும் அந்த ரப்பரில் இருக்கிறது.

இரண்டு பேரும் கவுன்டருக்கு வந்தார்கள். ஜன்னத் அக்காவுக்கு லோக்கலே போதும் என்று எண்ணம்.

"தம்பி, இந்தக் கெழட்டு வண்டிக்கு இன்னும் எத்தன நாள் ஹயாத்து இருக்குன்னு யாரு கண்டா? அதுக்குப் போயி கம்பெனி சாமானா?"

"அக்கா, மட்கார்டுக்கு நான் என்ன சொன்னேன்?"

"லோக்கல் போதும்னீங்க."

"ஹாரனுக்கு?"

"லோக்கல்."

"சீட்டுக்கு?"

"அதுக்குக் கோணிச்சாக்கே போதும்னீங்க. கொழுப்பப் பாரு."

"அப்ப நான் என்ன கம்பெனிக்காரனுக்கு மச்சானா? நிக்கிறதுக்கு மட்டுந்தானே கேக்குறேன். வண்டி கெழடாவ ஆவத்தான்க்கா பிரேக்கு எளசா இருக்கணும். ஒடம்பு பூரா ஆடுற வண்டிக்கு அது ஒண்ணுதான் புடிமானம்."

ஜன்னத் அக்கா சிரித்துக்கொண்டே, "சரி, மாட்டித் தொலைங்க" என்றார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, கம்பெனி செட்டு ஒண்ணு" என்றார்.

நான் உள்ளே போனேன். இரண்டாவது அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அடுக்கில் இருந்தவற்றில் எது கம்பெனியிலிருந்து வந்தது, எது மாடியிலிருந்து வந்தது என்று பார்த்தால் தெரியாது. அண்ணனும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிள் சரியாக இருந்தது. இருக்காதா? லேபிள் நிஜம். பெட்டி நிஜம். உள்ளே இருந்தது மட்டும் பொய். ரப்பரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிரேக் ஆயிலில் ஓர் இரவு ஊறிய பிறகுதான் பொய் ரப்பர் உப்பும்.

அன்று மாலையே மாட்டினார். ஓட்டிப் பார்த்தார். வண்டி நின்றது. மறுநாள் காலை டிரைவர் செந்தில்குமார் அண்ணன், நெல் மூட்டை ஏற்ற வரிச்சிக்குடிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அண்ணன் பட்டறையைத் திறந்தார். வழக்கம்போல நேற்றைய பெட்டியைக் கையில் எடுத்தார். அடிப்பக்கத்தைப் பிரித்தார். ஜன்னத் அக்கா வண்டியின் நம்பரை எழுதப் பென்சிலை எடுத்தார். எழுத வேண்டிய இடத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அவருடைய கையெழுத்தில். 3186. ஜனவரி 20.

கடை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"பாப்பா, நேத்து குடுத்தியே ஒரு பெட்டி, அதுல என் எழுத்து இருக்கு. ஒனக்குக் குடுத்த பெட்டி. இது எப்படித் திரும்ப வந்துச்சு?"

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பாப்பா, உள்ள இருந்தது கம்பெனி ரப்பரா இல்லியா? அத மட்டும் சொல்லு."

ஐயா பக்கத்தில் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். "யாரும்மா?" என்று கேட்டார்.

நான், "ராங் நம்பருங்க" என்றேன்.

அண்ணன் அதைக் கேட்டார். பிறகு, "சரி பாப்பா. நான் போயி வண்டியப் புடிச்சிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் செந்தில்குமார் அண்ணன் ஆஸ்பத்திரியில் கால் கட்டோடு படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

"போனு சார்ஜ்ல கெடந்துச்சு தங்கச்சி, பாக்கல. வரிச்சிக்குடி பஸ் ஸ்டாப்புக்கிட்ட கண்ணாடியில அண்ணன் பைக் வர்றது தெரிஞ்சுது. என்னத் தாண்டிப் போயி, பைக்க ஓரமா போட்டுட்டு, ரெண்டு கையையும் தூக்கி நிறுத்துன்னாரு. மிதிச்சேன். பெடலு தரையில போயி ஒக்காந்துக்கிச்சு. நேரா போனா பஸ்ஸு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஏறிக்கிட்டு இருக்கு. நான் ஓரத்துக்குத் திருப்பிட்டேன்."

ஓரத்தில்தான் அண்ணன் நின்றார்.

அவருக்குத் தெரியாதா, அந்த வண்டி நிற்காமல் போகலாம் என்று? இங்கே இருப்பவர்களில் யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனார். தான் மாட்டிய பொருள், தன் கண்ணில் தப்பிவிட்டது, அதனால் வேறு ஒருவர் சாகக் கூடாது என்று போனார். அந்தப் பேருந்தில் ஏறிய பிள்ளைகளுக்கு இன்றுவரை அவர் பேர் தெரியாது. நான் சொல்கிறேன். மதியழகன். அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா யாராவது இங்கே இருந்தால், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

இப்போது, எனக்கு முன்னால் பேசிய ஐயா என்ன சொன்னார்? எல்லோரும் கேட்டீர்கள். "மதியழகன் தங்கமான தொழிலாளி. ஒரே ஒரு தப்பு நடந்துபோச்சு. ரப்பர ஏத்தும்போது மடக்கிட்டாரு. அது காலையிலதான் அவருக்கு உறைச்சிருக்கு. பதறிப்போயி ஓடியிருக்காரு. போனவர் மேல நாம கோவப்படக் கூடாது, மன்னிப்போம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களும் துடைத்துக்கொண்டீர்கள்.

மன்னிப்போமா? யார் யாரை மன்னிப்பது?

இதையே விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னார். இதையே இன்சூரன்ஸ் ஆளிடம் சொன்னார். காரியம் முடியும் முன்பே சௌந்தரவல்லி அக்கா வீட்டுக்குப் போய், "ஒங்க வீட்டுக்காரரு மேல கேஸ் வராம நான் பாத்துக்கிறேன். பட்டறையில அந்தக் காலிப் பெட்டி கெடக்கும், அத மட்டும் எடுத்துக் குடுங்க, கம்பெனிக்கு அனுப்பிக் கேக்குறேன்" என்று சொன்னார். அக்காவும் நம்பித் தேடினார்கள். தகரத்தைக்கூடப் பெயர்த்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஒன்பது நாளாக ஐயா அந்தப் பெட்டியைத் தேடுகிறார். நேற்றுக்கூட என்னிடம், "நீ எங்கியும் பாத்தியாம்மா?" என்று கேட்டார். நான் வழக்கம்போலப் பேசாமல் நின்றேன். வழக்கம்போல அவரும் நம்பினார்.

அந்தப் பெட்டி எங்கே என்று சொல்கிறேன்.

அண்ணன் இறந்த அன்று மாலை பட்டறைக்குப் போனேன். அவர் எப்படி அவசரமாக எழுந்து போனாரோ அப்படியே எல்லாம் கிடந்தது. டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. பென்சில் தரையில் கிடந்தது. கம்பியில் நூற்றுக்கணக்கான துண்டுகள். அவற்றில் 3186க்கு ஜனவரி மாதத் துண்டு இல்லை. வேலை மேசையின் மேல் ஒரு பெட்டி, அடி பிரிந்து, கிழியாமல். இருபத்தைந்து வருடத்தில் அவர் கிழிக்காமல் விட்ட பெட்டி அது ஒன்றுதான். இரண்டு முறை விட்டார். முதல்முறை எனக்காக. இரண்டாம் முறை ஏன் விட்டார்? அவசரத்தில் விட்டார் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது யாராவது ஒருவர் கண்ணில் பட வேண்டும் என்று விட்டார். என் கண்ணில் பட்டது.

துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கடைக்கு வந்தேன். ஐயாவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன். கூப்பிட்ட குரலுக்கு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். இன்று மண்டபத்தில் இருப்பதிலேயே பெரிய மாலை அண்ணன் படத்துக்கு ஐயா போட்டது. அதை ஆர்டர் சொல்லிவிட்டு வந்ததும் நான்தான். ஒன்பது நாள் நான் அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று அழவில்லை. இங்கே பேசிய எல்லோரும் அவருடைய ஆத்மா சாந்தி அடையட்டும் என்றீர்கள். நான் சொல்ல மாட்டேன். மதி அண்ணனுடைய ஆத்மா சாந்தி அடைய வேண்டாம். இப்போது வேண்டாம். இன்னும் கொஞ்ச காலம் சோமசேகரன் ஐயா தூங்கும் அறையில் கட்டிலுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கட்டும். அந்தக் கட்டைவிரலால் ஏதாவது கிழித்துக்கொண்டிருக்கட்டும். அந்தச் சத்தம் ஐயா காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

பட்டறைத் தொழிலாளர்களே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் உங்களிடமிருந்து எத்தனை பெட்டிகள் வாங்கியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். எத்தனை திரும்ப உங்கள் கைக்கே வந்தன என்பதும் ஓரளவு தெரியும். எந்தெந்த லாரி என்று கவுன்டர் ஞாபகத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். ஒவ்வொருவரும் உங்கள் பட்டறைக்கு வந்த வண்டியின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். போய், டிரைவர்களுக்குப் போன் செய்து வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். பிறகு கழற்றிப் பாருங்கள். இன்று மாலைக்குள் செய்யுங்கள். நாளை என்று சொல்லாதீர்கள். அண்ணன் நாளை என்று சொல்லவில்லை.

ஜன்னத் அக்கா, நீங்கள் அழ வேண்டாம். லோக்கல் கேட்டது உங்கள் தவறு இல்லை. கம்பெனிக்கு ஒத்துக்கொண்டதும் உங்கள் தவறு இல்லை. நீங்கள் லோக்கலே வாங்கியிருந்தால் தன் பேரைப் போட்டு விற்கும் ஒருவனின் ரப்பர் வந்திருக்கும், அது நின்றிருக்கும் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மதி அண்ணன் சரியானதைத்தான் கேட்டார். அவருக்குச் சரியானதைக் கொடுக்காதது எங்கள் கடை.

சௌந்தரவல்லி அக்கா, உங்கள் வீட்டுக்காரர் ரப்பரை மடக்கவில்லை. இதை நான்கு பேர் இருக்கும் அறையில் சொன்னால் போதாது என்று இத்தனை பேர் கூடும் நாளுக்காகக் காத்திருந்தேன். அவர் கை தவறவில்லை. என் வாய் தவறியது. ஐயாவின் மனசு தவறியது. நீங்கள் என்னை எது சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் அவர் பட்டறையை மூடாதீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை நான் அதே சாக்குப்பையோடு எல்லாப் பட்டறைக்கும் போவேன். பெட்டியை நீங்கள் கிழிக்காவிட்டால் உங்கள் கண்முன்னே நான் கிழிப்பேன். துண்டுகளை அண்ணன் கம்பியில் கொண்டுவந்து குத்துவேன். காரைக்காலில் முழுப் பெட்டி ஒன்றுகூட யார் மாடிக்கும் போகாது. இது நான் அண்ணன் படத்துக்கு முன்னால் சொல்லும் வார்த்தை.

ஐயா, போன் திரும்பவும் அடிக்கிறது. இது இரண்டாம் முறை. யார் என்று நான் சொல்கிறேன். பிறகு எடுங்கள்.

நேற்று மாலை கடை முடிந்ததும் வீட்டுக்குப் போய் அரிசி டின்னைத் திறந்து பெட்டியை எடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய் எல்லாவற்றையும் என் வாயாலேயே சொன்னேன். 3186 லாரிக்கு அண்ணன் மாட்டிய தேதியையும், என் கையெழுத்துப் போட்ட புகாரையும், பெட்டியையும் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன். மாடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னேன். காலையில் வருகிறோம் என்றார்கள்.

இன்று காலை, மதி அண்ணனுக்கு மரியாதையாக ஊரில் எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் அடைப்பு. ஐயா சீக்கிரமே இங்கே கிளம்பினார். கிளம்பும்போது சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, "பூட்டிட்டு மண்டபத்துக்கு வந்துரும்மா" என்றார்.

கீழ்க்கதவைப் பூட்டினேன். கொத்திலிருந்து வெளிப்படிக்கட்டில் இருக்கும் மாடிக் கதவின் சாவியைக் கழற்றி, எதிர்ச் சாரியில் ஜீப்பில் காத்திருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.